ஆகாயக் கப்பலும் இடது ஓரத்து மனிதரும்

பழைய படங்களைச் சீர்செய்யக் கிளம்பியிருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன மாதம் வீடியோ காலில் என்னைப் பிடித்து உட்காரவைத்து, "ஆன்ட்டி, இத்தனை வருஷம் பழைய படச்சுருளோடயே இருந்திருக்கீங்க, எங்களுக்கு ஏதாவது டிப்ஸ் குடுங்க" என்று கேட்டீர்கள். நான் தொண்டையைச் செருமியதுமே உங்களில் ஒருவர் குறிப்பெடுக்கத் தயாராகிவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரசத்துக்கு டிப்ஸ் கேளுங்கள், சொல்கிறேன். ஸ்கேனர் ஓட்டுவதும் கீறலை அழிப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். உங்களில் சான்டா கிளாராவில் இருப்பவர் அந்த மென்பொருளையே எழுதுகிறவர். அவருக்கு நான் போய் வகுப்பெடுத்தால் மரியாதைக்காகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

ஆனால் உங்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. தப்புகள். ஓய்வு பெற்று, டெக்சஸுக்கு வந்து, கேட்டி என்ற ஊரில் மகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியேறிய பிறகு அவற்றை அசைபோட நேரமும் கிடைத்திருக்கிறது. வேலையின் கடைசி வருஷத்தில், நியூ ஜெர்சியில், நான் செய்த ஆகப் பெரிய தப்பை உங்களுக்கு எழுதுகிறேன். தப்பு என்றதும் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். என் உத்தியோகத்திலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்த இரண்டு நாட்கள் அந்தத் தப்பினால் வந்தவை.

இந்தத் தொழிலுக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. கல்யாணமாகி எச்-ஃபோர் விசாவில் வந்து, வேலை பார்க்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கோயம்புத்தூரில் படித்த வேதியியல் மறந்துவிடுமோ என்ற பயத்தில், பக்கத்து ஊரில் இருந்த ஒரு சின்னப் படக் காப்பகத்துக்குத் தன்னார்வலராகப் போனேன். முதல் வாரமே டப்பாக்களின் மூடியைத் திறந்து திறந்து, "இது போச்சு, இது இன்னும் தாங்கும்" என்று முகர்ந்தே சொன்னேன். அங்கிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். தோசை மாவு புளித்துவிட்டதா என்று தினம் முகர்ந்து பார்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா? கிரீன் கார்டு வந்ததும் அங்கேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயே தலையும் நரைத்தது.

கிடங்கில் எத்தனையோ மௌனப் படங்கள் இருந்தன. எனக்கு உயிர் ஆகாயக் கப்பல் படங்கள்தான். ராட்சத வெள்ளரிக்காய் போல ஒரு பலூன், அதன் வயிற்றுக்குக் கீழே சின்னதாக ஓர் அறை, அதில் பத்துப் பதினைந்து பேர். அந்தக் காலத்தில் அப்படி ஒன்று எழும்பினால் போதும், ஒரு கேமராக்காரரும் தொற்றிக்கொண்டு போய்விடுவார். கதை கிடையாது, நடிப்பு கிடையாது. கீழே வயலில் கப்பலின் நிழல் ஓடும். மாடுகள் மிரளும். துணி உலர்த்திக்கொண்டிருக்கும் பெண் ஈரத்துணியோடு அண்ணாந்து பார்ப்பாள். பார்க்கிற ஒவ்வொரு முகத்திலும் அப்படி ஓர் ஆனந்தம் இருக்கும். அலுவலகத்தில் யாரோடாவது சண்டை போட்டு எரிச்சலாக இருந்தால் நான் அதில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்ப்பேன். நான் சண்டை போடுகிறவள் என்பதால் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இது புரிந்ததே இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர், வங்கி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை. மௌனப் படம் போட்டால் பத்தாவது நிமிடம் குறட்டை விடுவார். "சத்தமும் இல்ல, கதையும் இல்ல, இதுக்கு எதுக்கு புள்ள இவ்ளோ பாடு?" என்பார்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு படம் வந்தது. கடற்கரைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பழைய கொட்டகையை இடித்தபோது கிடைத்த டப்பா. அந்த ஊரிலிருந்து கிளம்பிக் கடலோரமாகப் பறந்த ஓர் ஆகாயக் கப்பலின் பயணம். புறப்படும் முன் கப்பலைக் காற்று தூக்கிக்கொண்டு போகாதபடி தரையில் நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்க ஆட்கள் இருப்பார்கள். அவர்களை ஒரு வரிசையாக நிற்கவைத்துக் கேமராக்காரர் எடுத்திருந்தார். படம் கிடைத்த செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. அதை இணையத்தில் பார்த்து ஹூஸ்டன் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. டோரதி என்ற மூதாட்டி எழுதியிருந்தார். வயது தொண்ணூறைத் தாண்டியவர்.

அவருடைய அப்பா அந்தக் கயிறு பிடித்தவர்களில் ஒருவர். டோரதி பிறந்து ஏழு மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. டோரதியிடம் இருந்தது அப்பா அம்மாவின் கல்யாணப் புகைப்படம் ஒன்று, அப்புறம் அம்மா சொன்ன ஒரு விஷயம். "உங்கப்பாவைச் சினிமாப் படம் எடுத்திருக்காங்க. எல்லாரையும் வரிசையா நிக்கவெச்சு எடுத்தாங்க. நாம பாக்கறப்ப இடது ஓரத்துல இருக்கறது உங்கப்பா." அம்மா அந்தப் படத்தை அப்போதே ஊர்க் கொட்டகையில் பார்த்தவர். சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். அசைகிற அப்பாவை ஒரே ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று டோரதி எழுதியிருந்தார்.

கடிதத்தைப் படித்துவிட்டு நான் அழுதேன். எங்கள் காப்பகத் தலைவி ஹெலனும் அழுதார். ஒரு சனிக்கிழமை அந்த ஊர் நூலக அரங்கில் படத்தைத் திரையிடுவது, டோரதியை முதல் வரிசையில் உட்காரவைப்பது என்று முடிவாயிற்று. சீர்செய்யும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். வேறு யாரையும் தொடவிடவில்லை.

மாதக்கணக்கில் உழைத்தேன். ஒவ்வொரு படச்சட்டமாகக் கீறலை அழித்தேன். படச்சுருளின் ஒரு பக்க ஓரம் மட்டும் நீளத்துக்கும் அரித்துப்போயிருந்தது. அந்த இடத்தில் கறைகள் கொப்புளம் கொப்புளமாகக் குதித்து ஆடின. பார்க்கச் சகிக்கவில்லை. அந்த வலது ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டேன். படம் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது. வரிசையில் இடது ஓரத்தில் நின்ற மீசைக்காரரைப் பெரிதாக்கி ஹெலன் போஸ்டர் அடித்தார். நூலக வாசலில் ஒட்டியும் ஆகிவிட்டது.

திரையிடலுக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, டோரதியும் மகன் கிரெக்கும் எங்கள் காப்பகத்துக்கு வந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் முதல்முறையாகப் பார்ப்பது அவருக்குத் தாங்காது, தனியாக ஒரு முறை காட்டிவிடுவோம் என்று ஹெலன் ஏற்பாடு செய்திருந்தார். டோரதி ஒல்லியாக, நிமிர்ந்து, நீலக் கோட்டுப் போட்டு வந்திருந்தார். நான் படத்தைப் போட்டேன். வரிசை வந்தது. நிறுத்தினேன். இடது ஓரத்து மீசைக்காரரைக் காட்டி, "இதோ உங்க அப்பா" என்று சொன்னேன். அந்த மூன்று வார்த்தையை இன்றுவரை விழுங்க முடியவில்லை. அப்படிச் சொல்ல நான் யார்?

டோரதி உற்றுப் பார்த்தார். கைப்பையிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்தார். திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலத்தில் நடந்த பேச்சை என் மனதில் பதிந்த விதத்தில் எழுதுகிறேன்.

"இவர் இல்ல" என்றார்.

"அம்மா, உங்க கண்ணு..." என்று கிரெக் ஆரம்பித்தார்.

"என் கண்ணுக்கு என்ன? இந்த முகத்தை நான் தொண்ணூறு வருஷமாப் பாத்துட்டிருக்கேன். இவர் இல்ல. இந்த வரிசையிலயே இல்ல."

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைத்த கர்வம் விடவில்லை. "படம் பொய் சொல்லாது டோரதி" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. எதையோ புரிந்துகொண்ட பார்வை. "அப்ப அம்மாதான் சொல்லியிருக்காங்க போல" என்றார் மெதுவாக. "அப்பா இல்லாத குழந்தைக்கு ஏதாவது சொல்லணுமே. இப்படி ஒண்ணு சொல்லியிருக்காங்க."

அவ்வளவுதான். எழுந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை விமானத்திலேயே திரும்பிவிடுவதாகக் கிரெக் போனில் சொன்னார். ஹெலன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அப்பாவைப் பார்க்க வந்த இடத்தில் அம்மாவின் வார்த்தையையும் தொலைத்துவிட்டுப் போகிறார் என்று ஹெலனிடம் புலம்பினேன். ஆனால் என் வேலையில் தப்பு இருக்கும் என்று மட்டும் ஒரு கணமும் தோன்றவில்லை. பாருங்கள், அதுதான் அனுபவத்தின் லட்சணம்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு வந்தார். "ஒர்க் ஃப்ரம் ஹோம்தானே, டிராப் பண்ணிட்டுப் போலாம்னு வந்தேன். உருளைக்கிழங்கு வறுவலை விட்டுட்டு எப்படிப் புள்ள மதியம் கழிப்ப?" என்று என் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார். திரையில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் அறைக்குள் பயணிகளுக்குத் தேநீர் கொடுக்கும் காட்சி.

இங்கே எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மகள் இடது கைக்காரி. ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது ஒரு அத்தையோ பெரியம்மாவோ, "ஏஞ்சாமி, சோத்தாங்கையில சாப்புடு" என்று அவளை விரட்டுவார்கள். இவர் பந்தியிலேயே சண்டைக்குப் போவார். அதிலிருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இடது கைக்காரர்களைத் தேடி எண்ணுவது இவருக்கு வழக்கமாகிவிட்டது. எங்கேயாவது ஒருவர் கிடைத்தால் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் முகம் மலர்ந்துபோகும்.

"அட, நம்ம பாப்பா கட்சி!" என்றார், திரையைக் காட்டி. "கோப்பையை நீட்டறவன் பீச்சாங்கை."

"ம்."

"வாங்கறவனும் பீச்சாங்கை. ஏய், ஜன்னலோரத்து அம்மாவும் பீச்சாங்கை. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... ஏம்புள்ள, என்ன இது, கப்பல் பூரா பாப்பா கட்சியா? ஒருத்தன்கூடவா சோத்தாங்கையில டீ குடிக்கமாட்டான்?"

"ஏனுங்க, சும்மா இருங்களே, அமெரிக்கால யாரு எந்தக் கையில குடிச்சா உங்களுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன். விழுந்த வேகத்திலேயே எனக்குள் ஏதோ இடித்தது. படத்தைப் பின்னுக்கு ஓட்டினேன். கேப்டனும் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரும் கைகுலுக்கும் காட்சி. இருவரும் இடது கையை நீட்டிக் குலுக்கினார்கள். அந்தக் கைகளின் மேலிருந்த கீறல்களை நான் ஒரு வாரம் உட்கார்ந்து அழித்திருந்தேன். கைகளைப் பார்க்கவில்லை.

"ஐயையோ!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் பயந்து எழுந்துவிட்டார்.

"என்ன புள்ள, என்ன ஆச்சு?"

"படத்தையே திருப்பிப் போட்டிருக்கேங்க! கண்ணாடியில பாக்கற மாதிரி இடது வலதாக் கெடக்குது. முழுப் படமும்!"

உங்களுக்குத் தெரிந்த சமாசாரம்தான், இருந்தாலும் சொல்கிறேன். படச்சுருளில் ஒரு பக்கம் பளபளப்பு, ஒரு பக்கம் மங்கல். திரையிடும் பிரதியில் எந்தப் பக்கம் நம்மைப் பார்க்க வேண்டுமோ, நெகட்டிவில் அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். எனக்கு வந்தது நெகட்டிவ். வாழ்நாளெல்லாம் பிரதிகளை மாட்டிப் பழகிய கை, அதே பழக்கத்தில் மாட்டிவிட்டது. மௌனப் படத்தின் நெகட்டிவில், இடையிடையே வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் இருக்காது. கப்பலின் பக்கவாட்டில் பெயர் எழுதிய இடமும் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. ஒரே ஓர் எழுத்து எங்காவது இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். கோட்டுப் பொத்தான்களைப் பார்த்தேன். அத்தனை ஆண்களுக்கும் பெண்கள் கோட்டைப் போல் எதிர்ப்பக்கம் இருந்தன. சந்தேகமே இல்லை.

படத்தைத் திருப்புவது ஒரு விநாடி வேலை. திருப்பினேன். இப்போது மீசைக்காரர் வலது ஓரத்துக்குப் போய்விட்டார். இடது ஓரம்? அதுதான் நான் அழகுக்காக வெட்டி எறிந்த ஓரம். மூல ஸ்கேனைத் திறந்து வெட்டாத படத்தைப் போட்டேன். ஒன்பது பேர் நின்ற வரிசையில் பத்தாவதாக ஒருவர் இருந்தார். கறைகளுக்கு நடுவே ஒரு தோள், ஒரு தொப்பி, கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள். டோரதி சொன்னது அப்பட்டமான உண்மை. புதன்கிழமை நான் காட்டிய வரிசையில் அவர் அப்பா இல்லவே இல்லை. நான் வெட்டிவிட்டிருந்தேன்.

மணி ஒன்றரை. கிரெக்குக்கு மூன்று முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. விமானம் ஆறு மணிக்கு. நூவர்க் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இருக்கிறார்கள், நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஹெலனை அழைத்தேன். நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "முதல்ல அந்தம்மாகிட்டப் போ. என்னைத் திட்டவிட அப்புறம் டைம் குடு" என்று வைத்துவிட்டார். அப்படிப்பட்ட தலைவர்கள் உங்களுக்கும் வாய்க்கட்டும்.

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுத்தேன். கிரெக் முன்பே எங்களுக்கு அந்தக் கல்யாணப் படத்தின் நகல் அனுப்பியிருந்தார். அதைத் திறந்து பத்தாவது ஆளின் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். நான் பார்க்கவில்லை. கறைகளுக்கு நடுவே முகம் தெரிகிற இடம் வரும்வரைகூட ஓட்டவில்லை. அந்தக் காட்சியை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

பார்க்வே நெடுஞ்சாலையில் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். "அவருதானா?" என்றார்.

"தெரியாதுங்க."

"தெரியாமயா இவ்ளோ ஸ்பீடா டிரைவ் பண்ணச் சொல்ற? அவரு இல்லீன்னா?"

"அவரு இல்லீன்னா அந்தம்மாவை ரெண்டாந்தரம் சாகடிக்கறேன். அவருதான்னு எனக்குத் தெரிஞ்சா, எம்மூஞ்சியே முந்திக்கிட்டுச் சொல்லிப்போடும். புதன்கிழமை அவங்க கண்ணை நம்பாமத்தான இத்தனையும் வந்துச்சு. இன்னைக்கு அவங்க கண்ணு மட்டும் பாக்கட்டும்."

அவர் வலது தடத்திலிருந்து இடது தடத்துக்கு மாறி இன்னும் வேகமாக ஓட்டினார். வறுவலை அவர் ஒரு கையால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஓட்டல் வரவேற்பறையில் பெட்டிகளோடு இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கிரெக் எழுந்து வந்து வழியை மறித்தார். "ப்ளீஸ். அம்மா ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடல. மறுபடி வேண்டாம்" என்றார். நல்ல மகன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறித்திருப்பேன்.

"தப்பு உங்க அம்மா கண்ணுல இல்ல, என் கையில" என்றேன். "அதை அவங்ககிட்ட நேர்ல சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்."

அவர் விலகினார். டோரதி அதே நீலக் கோட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். படத்தைத் திருப்பிப் போட்டதைச் சொன்னேன். ஓரத்தை வெட்டியதைச் சொன்னேன். "படம் பொய் சொல்லாதுன்னு உங்ககிட்டச் சொன்னேன். படம் சொல்லல. நான் சொன்னேன்" என்றேன். "இப்ப சரியாக் கொண்டுவந்திருக்கேன். யாரு என்னன்னு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்க."

மடிக்கணினியை அவர் மடியில் வைத்தேன். வரிசை வந்தது. இடது ஓரத்தில் கறைகள் குதித்தன. தொப்பி தெரிந்தது, மறைந்தது. ஒரு காது தெரிந்தது. பிறகு எந்தப் புண்ணியவானின் தயவோ, இரண்டு மூன்று விநாடிகளுக்குக் கறைகள் விலகின. மெல்லிய, தாடையில் குழிவிழுந்த ஒரு முகம் நேராக எங்களைப் பார்த்தது. நான் அங்கேயே நிறுத்தினேன்.

டோரதி விரலை நீட்டித் திரையைத் தொட்டார். கல்யாணப் படத்தை எடுக்கவே இல்லை. வரவேற்பறையில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் தூணுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"அம்மா சொன்னது சரி" என்றார் டோரதி. கிரெக் குனிந்தார். "இடது ஓரம், கிரெக். எங்கம்மா சொன்னது சரி. அவங்க எனக்குக் கதை சொல்லல."

அதற்குப் பிறகுதான் அழுதார். கிரெக்கும் அழுதார். நான் அழுததைச் சொல்லவே வேண்டாம். அழுதுகொண்டே டோரதி சிரிக்க ஆரம்பித்தார். "எவ்வளவு சின்னப் பையன் பாரு! உன் மகனைவிடச் சின்னப் பையன்!" என்று கிரெக்கின் தோளில் அடித்தார். மிச்சக் காட்சியையும் ஓட்டட்டுமா என்று கேட்டேன். அவர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.

"வேண்டாம். மிச்சத்தை நாளைக்குப் பெரிசாப் பாத்துக்கறேன்."

"அம்மா, ஃப்ளைட்?" என்றார் கிரெக்.

"அதுக்குப் போகத் தெரியும். நம்ம இல்லாமலே போகட்டும்."

என் வீட்டுக்காரர் தூணோரத்தில் இருந்து வெடித்துச் சிரித்தார். வந்ததற்கு அவருக்கு டோரதியிடமிருந்து ஒரு முத்தமும் கிடைத்தது. எந்தக் கன்னம் என்று இன்றுவரை கேட்டால் காட்டுவார்.

திரும்பும்போது ஹெலனை அழைத்தேன். பாக்கி வைத்திருந்த திட்டை முழுதாகத் திட்டினார். திட்டி முடித்து, "போஸ்டரை நான் பாத்துக்கறேன்" என்றார். மறுநாள் காலை நூலக வாசலில் போய்ப் பார்த்தால் போஸ்டர் அப்படியே இருந்தது. மீசைக்காரரின் தலைக்கு மேலே கொட்டை எழுத்தில், "இவர் இல்லை. உள்ளே வந்து பாருங்கள்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். ஊரில் பேச்சு பரவிக் கூட்டம் இரண்டு பங்காகிவிட்டது. மீசைக்காரரின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி போஸ்டரைப் பார்த்து, "ஏய், இது எங்க தாத்தாவோட அப்பா!" என்று கத்தியது தனிக்கதை. அந்தக் குடும்பத்துக்கும் ஒரு வரிசை நாற்காலி போட்டோம்.

திரையிடலுக்கு முன்பு, தொழில்நுட்பத் திருத்தம் என்று நாசூக்காக ஒரு வரி சொல்லிவிடலாமா என்று ஹெலன் கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். நான் மாட்டேன் என்றேன். அரங்கின் முன்னால் நின்று, திருப்பிப் போட்டதையும், வெட்டியதையும், தொண்ணூறு வயதுக்காரரின் கண்ணைச் சந்தேகித்ததையும், இடது கைக்காரர்களை எண்ணுகிற ஒருவர் வந்து காப்பாற்றியதையும் சொன்னேன். சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். நீங்களும் தப்புச் செய்வீர்கள். செய்தால் முதலில் யாருக்கு வலித்ததோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள், அப்புறம் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பசிக்கும். எனக்கு அன்று அப்படிப் பசித்தது.

சான்டா கிளாராக்காரருக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். ஓரத்தை வெட்டும் பொத்தானை உங்கள் மென்பொருளில் எடுக்கச் சொல்லவில்லை. அதை அழுத்தியதும், "அங்கே யாராவது நிற்கிறார்களா?" என்று ஒரு கேள்வி வரும்படி செய்யுங்கள். அன்று திரையிட்ட படத்தில் ஓரம் அப்படியே இருந்தது. கறைகள் இஷ்டத்துக்கு ஆடின. யாரும் குறை சொல்லவில்லை.

விளக்கு அணைந்தது. மௌனப் படம், பின்னணி இசையும் வைக்கவில்லை. முந்நூறு பேர் உட்கார்ந்த அரங்கில் மூச்சுச் சத்தம் மட்டும். பெரிய திரையில் வரிசை வந்தது. டோரதி முதல் வரிசையில், நான் அவருக்குப் பின்னால். வெள்ளிக்கிழமை நிறுத்திய இடத்தைத் தாண்டிப் படம் ஓடியது. அதற்கு மேல் நானும் அதைச் சரியான பக்கத்தில், முழு ஓரத்தோடு பார்த்ததில்லை.

கப்பல் திமிறியது. பத்துப் பேரும் குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தார்கள். ஆனாலும் கயிறு வெட்டி இழுத்தது. இடது ஓரத்துக்காரர் அவர்களில் ஒல்லி. கயிறு அவரை ஓரடி உயரம் தூக்கி, பொத்தென்று இறக்கியது. தொப்பி பறந்துபோய்ப் புல்லில் விழுந்தது. பக்கத்தில் நின்றவர் ஏதோ கிண்டலாகச் சொல்ல, அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். இரண்டு கையும் கயிற்றில். உச்சி வெயில் நெற்றியில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்.

அரங்கு முழுக்கச் சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்த அமைதியில் டோரதியின் குரல் கேட்டது. எங்கள் யாரிடமும் அவர் பேசவில்லை. திரையைப் பார்த்துக் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்.

"தொப்பியை எடுத்துப் போட்டுக்கோ கண்ணு. வெயில் சுட்டெரிக்குது."

பேச்சு வராத ஏழு மாதத்தில் அப்பாவை இழந்தவர். அப்பாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.